ஜாடிக்குள் போட்ட பெயர்

ஸ்பிரிட்டில் போட்ட எதுவும் சுருங்கும். பதினெட்டு வருடங்களாகக் கடல் ஆய்வறையில் ரன்வா பார்த்துவருவது அதைத்தான். மீனோ, நண்டோ, கடற்பஞ்சோ, ஜாடிக்குள் போன முதல் வாரத்தில் உடம்பிலிருக்கும் தண்ணீரை விட்டுக் கொஞ்சம் ஒடுங்கும். அதன்பிறகு அசையாது, மாறாது, போட்டவர் செத்த பிறகும் அப்படியே கிடக்கும். ஆகவே அந்தத் திங்கட்கிழமை காலை, மூன்றாவது முறையாகக் காலிப்பரை வைத்துப் பார்த்தும் கடற்பஞ்சின் உயரம் நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர் என்றே வந்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எட்டு மாதங்களுக்கு முன் அளந்து கட்டுரையில் எழுதியது நூற்றுப் பதினான்கு. போன வெள்ளிக்கிழமை சரிபார்த்தபோதும் நூற்றுப் பதினான்கு.

"நாலு மில்லிமீட்டர் வளந்திருக்கு" என்றாள்.

எதிர் மேஜையில் சல்லடையோடு உட்கார்ந்து புழுக்களைத் தனியாக, சிப்பிகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்த, கூட வேலைபார்க்கும் துரி நிமிரவே இல்லை. "வெள்ளிக்கிழம கேக் தின்ன கையோட அளந்தல்ல? அன்னிக்கு எல்லாம் கொறச்சலாத்தான் தெரியும். என் இடுப்புகூட அன்னிக்குக் கொறச்சலாத் தெரிஞ்சுது."

வெள்ளிக்கிழமை கேக் வாங்கியது ரன்வாதான். அவளுடைய கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு கடற்பஞ்சு. அதைப் பற்றிய பதினாறு பக்கம். வியாழக்கிழமைக்குள் அச்சுப்படியைத் திருத்தி ஒப்புதல் கொடுத்தால் போதும், பெயர் நிலைத்துவிடும். இனி அந்தப் பெயரை ராஜாவே வந்தாலும் அழிக்க முடியாது. இந்தத் தொழிலில் அவளுக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

அவள் குனிந்து ஜாடியைப் பார்த்தாள். கையளவு வெள்ளைக் கிண்ணம். உச்சியில் ஒரே ஒரு வாய், அதன் ஓரத்தில் மெல்லிய விளிம்பு. பார்க்க ஒன்றுமில்லாத பொருள். இங்கே மீனவர்கள் இதையெல்லாம் மொத்தமாகச் சீஸ் என்பார்கள். கடலடியில் இவை அடர்ந்து கிடக்கும் இடத்துக்குச் சீஸ் மேடு என்று பெயர். அங்கே தூண்டில் போட்டால் முள் போகும், நேரம் போகும், நாற்றம் மட்டும் மிஞ்சும் என்று யாரும் போவதில்லை. ஜாடிக்குள் ஸ்பிரிட்டில் மிதந்த சீட்டு திரும்பியிருந்தது. வெள்ளிக்கிழமை அவள் பென்சிலால் எழுதி, எழுத்து கண்ணாடி வழியாக வெளியே தெரியும்படி போட்ட சீட்டு. இப்போது எழுத்துப் பக்கம் உள்ளே, கடற்பஞ்சைப் பார்த்தபடி இருந்தது.

ஜாடியை யாரோ நகர்த்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஜாடி அலமாரியின் சாவி அவள் கழுத்தில் தொங்கியது.

அச்சில் வரும்வரை ஜாடிக்குள் வரிசை எண்ணைத் தவிர எதுவும் எழுதிப் போடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் ஒழுங்கு. எட்டு மாதமும் அவள் அப்படித்தான் வைத்திருந்தாள்: நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. கடிதம் வந்த அன்று மட்டும் பொறுக்கவில்லை. வெளியே ஒட்டும் சீட்டு ஈரத்தில் உதிர்ந்துவிடும், உள்ளே போடுவதுதான் நிற்கும். ஒரு புதுச் சீட்டை எடுத்து, எண்ணுக்குக் கீழே, அறிவியல் பெயரின் இரண்டாவது சொல்லாகத் தன் தம்பியின் பெயரை எழுதி உள்ளே விட்டுவிட்டாள். சாமலி. சாமலுடையது.

சாமல் போய் மூன்று வருடம் ஆகிறது. மீனவர் நிக்லாயின் மகன் ஹொக்னியும் இன்னும் இரண்டு பேரும் அவனோடு படகில் இருந்தார்கள். ஜூன் மாதம், அலையில்லாத கடல், சீஸ் மேட்டுக்கு மேலே எங்கோ. ஒரு பலகை, ஒரு செருப்பு, எதுவும் கரைக்கு வரவில்லை.

வட அட்லாண்டிக்கில் இருக்கும் இந்தப் பரோயே தீவுகளில் இறந்தவரின் பெயர் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குப் போகும். பெயர் வேண்டுமென்றால் செத்தவர்களே கர்ப்பிணியின் கனவில் வந்து நிற்பார்கள் என்று இன்னும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் பெயரை வைத்துவிடுவார்கள். ரன்வா என்பதே அவளுடைய செத்துப்போன அத்தையின் பெயர்தான். ஆனால் உடல் கரைசேராதவன் பெயரை மட்டும் ஒருவரும் தொடமாட்டார்கள். பிப்ரவரியில் சித்தி மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்தபோது, சாமல் என்று வையேன் என்று ரன்வா வெட்கத்தை விட்டுக் கேட்டாள். சித்தி மகள் பிள்ளையை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள். தம்பி செத்ததற்குக்கூட அவ்வளவு அழாத ரன்வா அன்றைக்கு வண்டியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபோது கோபம்தான் மிச்சமிருந்தது. யாரும் வைக்க வேண்டாம். நான் வைக்கிறேன். எந்தக் கடல் தின்றதோ அந்தக் கடலின் பொருளுக்கே வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பனிமூட்டம் இறங்கியது. ஜூனில் இந்தப் பக்கம் இருட்டு வருவதில்லை; இரவு பதினொன்றுக்கும் ஜன்னலோரம் பேப்பர் படிக்கலாம். அதனால் பயப்படுவதற்கு ஒரு சாக்குகூடக் கிடைக்காது. எதிர்க்கரை மலை மறைந்தது, பிறகு படகுத்துறை மறைந்தது, பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை மட்டும் நின்றது. அந்தக் காலத்தில் மீனுக்கு உப்பு போட்ட கொட்டகை இது. மேலே ஆய்வறை, கீழே பழைய படகுக்கூடம், அதிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் கல் சரிவு. சுவர்கள் இன்னும் உப்பைக் கக்கும். பனிமூட்ட நாளில் அந்த உப்பு ஈரமாகி, மரத்தில் ஊறிப்போன பழைய மீன் வாடை மேலே ஏறிவரும். ரன்வாவுக்கு அது பழகிய வாடை. அன்றைக்கு அதற்குள் இன்னொன்று இருந்தது. டீசல், ஈரக் கம்பளி, அப்புறம் உப்பு போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய்.

சாமல் பையில் எப்போதும் அந்த மிட்டாய் கிடக்கும். பல் கறுத்துச் சிரிப்பான்.

"மிட்டாய் தின்னியா?" என்று கேட்டாள்.

"நான் டயட்டுல இருக்கேன்டி. கிண்டல் பண்ணாத" என்றாள் துரி.

நூற்றிருபத்து மூன்று. காலிப்பரைத் துடைத்து மறுபடி அளந்தாள். நூற்றிருபத்து மூன்று. சீட்டு கடற்பஞ்சை நோக்கி ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது. ஜாடியை ஆட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். ஸ்பிரிட்டில் மிதந்த தூசுகள் மிக மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, கிண்ணத்தின் பக்கவாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. உயிருள்ள கடற்பஞ்சு அப்படித்தான் செய்யும். உடம்பெங்கும் இருக்கும் துளைகளால் தண்ணீரை இழுக்கும். உச்சி வாயால் வெளியே விடும். உயிருள்ளது செய்யும். இது எட்டு மாதமாக ஸ்பிரிட்டில் கிடப்பது.

அவள் கையை மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். துரி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல. ஈ" என்றாள் ரன்வா. குறிப்பேட்டில் அளவை எழுதிக் கையெழுத்தும் போட்டாள். நடப்பது எதுவானாலும் அளவு எழுதாமல் விடுவதில்லை என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

புதன்கிழமை பதிப்பாசிரியரிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்திருந்தது: அந்த ஐந்து பல் முள்ளின் படம் தெளிவாக இல்லை, வேறு எடுத்து அனுப்ப முடியுமா? நியாயமான கேள்விதான். இந்தக் கடற்பஞ்சு புதுசு என்பதற்கு ஆதாரமே அந்த முள்தான். கடற்பஞ்சின் எலும்பு என்பது கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முட்கள். இதன் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் முள்ளின் நுனியில் மூன்று பல் இருக்கும். இதற்கு ஐந்து. நான்கு ஒரு பக்கம் சேர்ந்தும், ஒன்று மட்டும் விலகியும். எட்டு மாதமாக அதை வரைந்து வரைந்து அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் அது எதைப் போலிருக்கிறது என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடற்பஞ்சை வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, விளிம்பில் புதிதாக வளர்ந்த பகுதியிலிருந்து நகத்தளவு சீவினாள். கத்தி பட்டதும் அது ஒடுங்கியது. சட்டென்று இல்லை. குளிர்ந்த கையால் தொட்டால் தூங்குகிற ஆள் எப்படித் தோளை இழுத்துக்கொள்வானோ அப்படி, மெதுவாக. பிறகு தளர்ந்தது.

ரன்வா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அசையாத" என்றாள் அதனிடம். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

சீவிய துண்டில் மெல்லிய சாம்பல் நிற இழைகள் ஓடின. இந்த வகையில் இழையே கிடையாது. சோதனைக் குழாயில் போட்டு, துணிக்குப் போடும் சாதாரண பிளீச்சை ஊற்றினாள். சதை கரைந்துவிடும், முள் மட்டும் அடியில் தங்கும். இழைகள்தான் முதலில் கரைந்தன. கம்பளி பிளீச்சில் அப்படித்தான் கரையும் என்பது பின்னல் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நுரை அடங்கியபோது குழாயின் அடியில் வெள்ளை முட்களின் மேல், அரிசியளவில், ஒரு நீல முடிச்சு கிடந்தது.

நைலான் வலைநூல். கடலெல்லாம் அதுதான் கிடக்கிறது, கடற்பஞ்சு வளரும்போது எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், இதிலென்ன அதிசயம் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே லென்ஸை எடுத்தாள். முடிச்சு இடமிருந்து வலமாக அல்ல, வலமிருந்து இடமாகச் சுற்றியிருந்தது. ஊரில் இடக்கையால் முடிச்சுப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். கடைசியாகக் கடலுக்குக் கிளம்பும் அவசரத்தில் கம்பளி நூல் கிடைக்காமல், சாமலின் ஸ்வெட்டர் கைவிளிம்பை வலைநூலால் இழுத்துத் தைத்தது அவள்தான். "இதோட போனா மீனெல்லாம் சிரிக்கும்" என்றான் அவன். "சிரிச்சா வாய் தொறக்கும், தூண்டில போடு" என்றாள் இவள்.

இடுக்கியால் முடிச்சை எடுத்துத் தட்டில் தனியே வைத்தாள். பயம் வந்தது. அதோடு சேர்ந்து வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் வந்தது. இருக்கிறான். எங்கேயோ இருக்கிறான்.

மூன்று மணிக்குப் படியில் காலடி கேட்டது. நிக்லாய். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்து நின்றார். எட்டு மாதத்துக்கு முன் இந்தக் கடற்பஞ்சைத் தூண்டிலில் இழுத்துக் கொண்டுவந்தது அவர்தான். யாரும் போகாத சீஸ் மேட்டுக்கு அவர் ஏன் போகிறார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும்.

"அந்தச் சீட்ட வெளிய எடு, பொண்ணே. துரி கடையில சொன்னா, அவன் பேர எழுதிப் போட்டிருக்கன்னு."

துரி தலையைச் சல்லடைக்குள் புதைத்துக்கொண்டாள்.

"எதுக்கு எடுக்கணும்?"

"உனக்கே தெரியும்."

"தெரியாது. நீங்களே சொல்லுங்க."

அவர் ஜாடியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கடல் இன்னும் விடல அவங்கள. விடாதவனக் கூப்பிட்டா முழுசா வரமாட்டான். ஒட்டினதையெல்லாம் கூட்டிக்கிட்டு வருவான். என் படகு பேர வச்சுக்கயேன் அதுக்கு. நல்ல பேருதான."

"உங்க படகு இன்னும் மிதக்குது. அதுக்கு ஊருல எல்லாருமே பேரு சொல்றாங்க. எந்தம்பி பேரச் சொல்ல யாரு இருக்கா? கடல் தின்னுச்சுன்னா பேரையும் சேத்துத் தின்னுக்கணுமா? யாரு எழுதி வச்ச சட்டம் இது?"

"எம்மவன் பேர நான் சொல்லி மூணு வருசம் ஆச்சு" என்றார் நிக்லாய். குரல் உயரவில்லை. "காலையில எந்திரிச்சா நாக்கு நுனியில வந்து நிக்கும். கடிச்சுக்குவேன். எனக்கு மட்டும் ஆச இல்லன்னா நெனக்கிற?"

ரன்வாவுக்கு முகம் சுட்டது. அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது, "நான் கடிச்சுக்க மாட்டேன், நிக்லாய்" என்பதுதான். அவர் தலையாட்டிவிட்டுப் போய்ப் பூட்ஸை மாட்டினார். கயிறு கட்ட ரொம்ப நேரம் ஆனது.

"சும்மா கதை பேசறப்ப வாய்ல வந்துடுச்சுடி" என்றாள் துரி. "ஆனா அவரு சொல்றதுலயும்..."

"புழுவ எண்ணு, துரி."

வியாழக்கிழமை ஊரே மலைக்குப் போயிருந்தது. கம்பளி கத்தரிக்கும் நாள். துரியும் போய்விட்டாள். பனிமூட்டத்துக்குள் ஆடுகளை விரட்டுகிற கூச்சல் மேலேயிருந்து வரும், நின்றுவிடும், மறுபடி வேறு பக்கத்திலிருந்து வரும். கொட்டகையில் ரன்வா மட்டும். ஹீட்டரின் முனகல், கீழே கல் சரிவில் தண்ணீர் ஏறி இறங்கும் சத்தம், ஜாடியின் கண்ணாடி மூடி விட்டுவிட்டு எழுப்பும் மெல்லிய டிக், டிக். யாரோ உள்ளேயிருந்து நகத்தால் தட்டுவதுபோல என்று நினைக்க ஆரம்பித்தாள், அந்த நினைப்பை அறுத்தாள். நூற்று நாற்பத்தொன்று. இப்போது கிண்ணம் கிண்ணமாக இல்லை. பக்கங்கள் நீண்டு, நடுவில் சிறுத்து, மேலே வாய் மட்டும் அகலமாக.

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. உலர்ந்த ஆட்டிறைச்சியில் ஒரு சீவலை வாயில் போட்டுத் துப்பினாள். பின்னல் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பாதி பின்னிய ஸ்வெட்டர் கை, ஊசிகள், மஞ்சள் அளவுநாடா. இதே நாடாவால்தான் சாமலை அளந்தாள். கதவு நிலையில் நின்று இரண்டு கையையும் சிலுவைபோல் நீட்டுவான். "ரெண்டு கையும் ஒரே நீளம்தான், எத்தன தடவ அளப்ப?" என்பான். "உன்ன நம்பமுடியாது, ஒரு கைய ஒளிச்சு வச்சிருப்ப" என்பாள். அக்குளில் நாடா பட்டால் கூச்சம் தாங்காமல் நெளிவான்.

ஐந்து மணிக்கு அச்சுப்படியைக் கடைசியாகத் திறந்தாள். பதினாறு பக்கம். தலைப்பில் அவன் பெயர். திரையின் கீழே ஒரே ஒரு பொத்தான்: ஒப்புதல்.

அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். டிக் நின்றது.

ஹீட்டர் ஓடியது. தண்ணீர் ஏறி இறங்கியது. ஜாடி மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருநிமிடம், ஒரே ஒரு நிமிடம், சீட்டை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. நிக்லாயின் படகு. நல்ல பெயர்தான். மூடியைத் திறந்து, இடுக்கியால் சீட்டை எடுத்து, கசக்கி, முடிந்தது. நாளைக்கு வெயில் வரும். சித்தி மகள் கேக் கொண்டுவருவாள். சாமலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அடுத்த வருடமும் பேசமாட்டார்கள். அதற்கடுத்த வருடமும்.

"முடியாது" என்றாள் ரன்வா. அறையிடம் சொன்னாள், பனிமூட்டத்திடம் சொன்னாள், கடலிடம் சொன்னாள். "அவன் பேரு சாமல். கேட்டுக்கோ."

பொத்தானை அழுத்தினாள்.

ஜாடிக்குள் சீட்டு நிமிர்ந்தது. நேராக. பிறகு மெதுவாகச் சாய்ந்து உச்சி வாயின் விளிம்பைத் தொட்டது. வாய் அதை உள்ளே இழுத்தது. முதலில் எண். பிறகு பெயர். விளிம்பு மூடியது. அந்த வாய் வெளியே விடுவதற்கு மட்டும்தான், எந்தக் கடற்பஞ்சும் அதன் வழியாக எதையும் இழுக்காது என்று அவள் மூளையின் ஒரு மூலை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் கடற்பஞ்சு சுருங்கியது. அவள் கண்முன்னாலேயே. காலிப்பரை எடுத்தாள், விரல் வழுக்கியது, மறுபடி பிடித்தாள். நூற்றுப் பதினான்கு. ஸ்பிரிட்டில் கிடக்கிற சாதாரணப் பொருள். தூசு எதுவும் நகரவில்லை. செத்தது.

கீழே, கல் சரிவில், தண்ணீர் ஏறியது.

இறங்கவில்லை.

அவள் காத்திருந்தாள். இறங்கவே இல்லை. அதற்குப் பதில், ஈரக் கல்லில், ஈரமான ஏதோ ஒன்றை வைக்கிற சத்தம். இடைவெளி. மறுபடி. டீசல் வாடை. கம்பளி வாடை. மிட்டாய்.

ஓடியிருக்கலாம். மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. மலையில் நாற்பது பேர் இருக்கிறார்கள். ரன்வா பின்னல் பையிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

படகுக்கூடத்தின் பெரிய கதவு திறந்திருந்தது. மலைக்குப் போகாத நிக்லாய் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள்.

கதவு நிலையில் நின்றது. வெள்ளை. ஆள் உயரம். உடம்பெங்கும் துளைகள், ஆயிரம் துளைகள், எல்லாம் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. ஒவ்வொரு முறையும் கூடத்துக் காற்று அதை நோக்கி நகர்ந்தது, அவள் தலைமுடியும் நகர்ந்தது. கண் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில், மேல்நோக்கி, ஒரே வாய். மணிக்கட்டில் ஊறிப்போன சாம்பல் கம்பளியின் ஒரு வளையம். அதில் நீல நூல்.

அது இரண்டு கையையும் நீட்டியது. சிலுவைபோல. அளவுக்கு.

ரன்வா அழுதாள். அழுதுகொண்டே முன்னால் போனாள். "ஆடாம நில்லு" என்றாள். தோளில் நாடாவின் ஒரு முனையை வைத்தாள். குளிர். கண்ணாடி முட்கள் விரலில் ஏறின, நூறு நூறாக, ஐந்து ஐந்து பல்லாக. அவள் கையை எடுக்கவில்லை. நாடாவைத் தோளிலிருந்து மணிக்கட்டுக்கு ஓடவிட்டாள். அக்குள் பக்கம் நாடா பட்டது. அது நெளியவில்லை.

அப்போதுதான் அதன் பின்னால் பனிமூட்டத்தில் மற்றவை தெரிந்தன. மூன்று. சரிவில் இடுப்பளவு தண்ணீரில். அதே வெள்ளை, அதே உயரம். அசையாமல், வாய் மட்டும் மேலே திறந்து, காத்துக்கொண்டு.

மூன்று வருடம் கடித்து வைத்திருந்த பெயரை நிக்லாய் சொல்லிவிட்டார்.

"ஹொக்னி" என்றார்.

மூன்றும் திரும்பின.

மூன்றும், ஒரே நேரத்தில், அந்த ஒரு பெயருக்கு. மூன்றும் கையை நீட்டின.

ரன்வா மெல்லத் தன் முன்னால் நின்றதைப் பார்த்தாள். அதுவும் அந்தப் பெயருக்குத் திரும்பியிருந்தது.

நாடாவின் மறுமுனை இறுகியது. ஐந்து விரல்போல் ஏதோ ஒன்று அதைப் பற்றி, மெதுவாக, தண்ணீர்ப் பக்கம் இழுத்தது. ரன்வா காலைக் கல்லில் ஊன்றிக்கொண்டாள். நாடாவை இடக்கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"சாமல்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "உன் பேரு சாமல்."

அது இழுத்தது. அவள் விடவில்லை.